பிறர் சுவரும் நம் கையும்

யோங் பெங் வட்டாரத்துத் தமிழரிடையே வீட்டைப் பற்றி வழங்கும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று தோட்டத்து லயங்களிற் பிறந்தது: “கம்பெனி வீட்டுக்கு நாம் ஏன் ஆணி அடிக்க வேண்டும்?” என்பது. மற்றொன்று பட்டணத்துத் தாமான் வீடுகளிற் கேட்பது: “ஓர் ஆளைக் கூப்பிட்டால் செய்துவிட்டுப் போகிறான், நமக்கென்ன தலையெழுத்து?” என்பது. முன்னதைச் சொல்பவனுக்கு வீடு சொந்தமில்லை. பின்னதைச் சொல்பவனுக்கு வீடு சொந்தம்; ஆயினும் கை எழவில்லை. இருவர் கூரையிலும் மழை ஒரே விதமாய்த்தான் ஒழுகுகிறது. தான் குடியிருக்கும் இடத்தைத் தன் கையாற் செப்பனிடுவது மனிதனுக்குக் கடமையா, கௌரவக் குறைவா, அன்றி வெறும் ஏமாளித்தனமா என்பதை நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம். ஆணியையும் சுண்ணாம்பையும் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். உழைப்பின் பயன் யாரைச் சேரும் என்னும் வழக்கு ஏட்டிலே நடப்பதைக் காட்டிலும் அடுக்களைச் சுவரிலேயே அதிகமாய் நடக்கின்றது.

யோங் பெங், ஜொகூரில் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்; ஆயர் ஈத்தாம், லாபிஸ், பத்து பகாட் ஆகிய ஊர்களின் சாலைகள் வந்து கூடும் சந்தி. சுற்றிலும் முன்னாளில் ரப்பர், இந்நாளிற் பெரும்பாலும் செம்பனை. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து அடைமழையில் இவ்வட்டாரம் பட்ட பாட்டை நேயர் மறந்திரார். வீடுகளிற் புகுந்த நீர் நாட்கணக்கில் வடியாது நின்றது. இத்தகைய ஈரமண்ணில் வீடு என்பது ஒரு முறை கட்டி முடித்தால் நின்றுவிடும் பொருளன்று. தகரம் துருவேறும். பலகைத் தூணைக் கரையான் அடியிலிருந்து உண்ணும். வாய்க்காலில் மண் சேரும். வாசற் புல் ஒரு மாதத்தில் முழங்கால் அளவு வளரும். ஆகவே இங்கு வீட்டில் வாழ்வதென்பதே வீட்டை ஓயாமற் செப்பனிடுவதாகும். அச்செப்பத்தை யார் செய்வது என்பதுதான் வழக்கு.

முதற்சொல்லை எடுத்துக்கொள்வோம். “தமிழன் சோம்பேறி, தான் படுக்கும் இடத்தைக்கூடச் சீராக்கான்” என்று பழைய துரைமாரும் கூறினர், அவர்களைப் பார்த்து நம்மிற் படித்த சிலரும் கூறுகின்றனர். இக்கூற்று பொய் என்பதற்கு யோங் பெங்கிலேயே சான்று உண்டு. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் காட்டோரங்களிற் குடியிருந்த சுமார் ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக் கிராமங்களிற் பெயர்த்துக் குடியேற்றப்பட்டனர். யோங் பெங்கிலும் அத்தகைய புதுக் கிராமம் எழுந்தது. அம்மக்கள் முதலிற் போட்டவை பலகையும் அத்தாப்பு ஓலையுமான குடிசைகளே. மனை தற்காலிக அனுமதியில் இருந்தவரை பலகை பலகையாகவே கிடந்தது. ஆண்டுகள் சென்று குத்தகைப் பட்டா கைக்கு வந்த பின்னர்தான் பலகை கல்லாகவும், ஓலை ஓடாகவும் மாறலாயின. இதைக் கண்டும் ஒரு சாதியார் இயற்கையில் உழைப்பாளிகள், மற்றொரு சாதியார் இயற்கையிற் சோம்பேறிகள் என்று பேசுவது அறிவுடைமையாகுமா? பட்டா உள்ள இடத்திற் சுவர் எழுந்தது. பட்டா இல்லாத லயத்திற் சுவர் எழவில்லை. காரணம் காகிதத்திலிருக்க, அதனை இரத்தத்திலே தேடுவானேன்?

லயத்து வீட்டின் இயல்பை அறியாத இளைஞர் இக்காலத்திற் பலர் இருப்பர். அவர் பொருட்டுச் சிறிது கூறுவோம். அவ்வீடு கூலியோடு வந்தது, கூலியோடு போயிற்று. வயதாகி வேலையினின்று நீங்கினால், பிள்ளைகளுள் ஒருவன் அதே தோட்டத்திற் பெயர் பதிந்தாலன்றி, முப்பது ஆண்டு வாழ்ந்த வாசலை விட்டு இறங்கவேண்டும். வாசலில் வைத்த முருங்கையும், கொல்லையில் இழுத்துக் கட்டிய சமையற் கொட்டகையும், மாட்டுக் கொட்டிலும் அங்கேயே நிற்கும். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டக் கோவையின்படி மண்ணோடு நிலையாய்ப் பிணைக்கப்பட்டது எதுவோ அது மண்ணைச் சேர்ந்தது. மண் எவன் பெயரிலோ அவனைச் சேர்ந்தது. பிறர் நிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்து பேணினாலும் அந்நெடுங் குடியிருப்பு உரிமையாளனின் பட்டாவைத் தோற்கடிக்காது என்பதும் அதே சட்டம். பினாங்கிலுள்ள கம்போங் புவா பாலாவில் தலைமுறைகளாய் மாடு வளர்த்தும் மரம் வைத்தும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், நீதிமன்றத்திற் தோற்று, 2009-இல் தம் வீடுகள் இடிக்கப்படுவதைக் கண்ணாற் கண்டனர். அவருட் பெரும்பாலோர்க்கு மாற்று வீடு தருவதாக உடன்பாடு ஏற்பட்டது என்பது உண்மை. அவர்கள் வளர்த்த மரத்துக்கு மாற்று ஏது?

இவ்விடத்தில் ஒரு மேனாட்டு அறிஞரின் கொள்கை நினைவுக்கு வருகின்றது. உடைமை எங்ஙனம் பிறக்கின்றது என்று ஆராய்ந்த ஜான் லாக் என்னும் ஆங்கிலேயர், 1689-இல் வெளியான நூலில், ஒருவன் தன் உழைப்பை மண்ணோடு கலக்கும்போது அம்மண் அவனுடையதாகின்றது என்று வாதித்தார். கேட்பதற்கு இனிமையான நியாயம். ரப்பர்க் காட்டையெல்லாம் நம் பாட்டன்மாருக்கே எழுதி வைத்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதே நூலிலே, தம் வேலைக்காரன் வெட்டியெடுத்த புற்பத்தையும் எசமானருக்கே உடைமை என்று அவர் கூறிச் செல்கின்றார். வேலைக்காரனின் உழைப்பு எசமானனின் உழைப்பாகக் கணக்கிடப்படுமாம்! அடிமை வாணிகம் புரிந்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியிற் பங்கு வைத்திருந்த பெரியவர் அவர் என்பதையும் சேர்த்து நினைத்தால் வியப்புக்கு இடமில்லை. தோட்ட முறை முழுவதும் அவ்வொரு வரியின் மேலேதான் நிற்கின்றது. “கம்பெனி வீட்டுக்கு நாம் ஏன் ஆணி அடிக்க வேண்டும்?” என்ற லயத்துத் தமிழன் லாக்கின் நூலைப் படித்தவனல்லன், ஆயினும் அதிலுள்ள வஞ்சகத்தை அவன் முதுகு படித்திருந்தது. ஆகவே அச்சொல்லைச் சோம்பலென்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். கணக்கில் வராத உழைப்பைத் தர மறுக்கும் சொல் அது.

அப்படியாயின் ஒழுகும் கூரையின்கீழ்ச் சட்டியை வைத்துவிட்டு நியாயம் பேசிக்கொண்டிருக்க வேண்டுமா? அதையும் நாம் ஒப்பவில்லை. கொசு பட்டாவைப் பார்த்துக் கடிப்பதில்லை. 1901 முதற்கொண்டு கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி, மலேரியாவை அடக்கிக் காட்டினார். பின்னர் தோட்டங்களிலும் அம்முறை பரவிற்று. அவர் பெயர் வரலாற்றிலுண்டு. வாய்க்காலை வெட்டிய மண்வெட்டிகளில் நம்மவர் பிடித்தவை எத்தனையோ. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மண் கம்பெனியுடையது, வாய்க்கால் கம்பெனியுடையது. ஆயினும் குளிர்காய்ச்சலுக்குத் தப்பிய குழந்தை நம்முடையது. இன்று டெங்கிக் காய்ச்சலின் நிலையும் அதுவே. கொல்லையிற் கிடக்கும் பழைய டயரிலும், பூந்தொட்டித் தட்டிலும், அடைபட்ட கூரைக் காலிலும் நிற்கும் தெளிந்த நீரில், முட்டையிலிருந்து கொசு பறந்தெழ ஒரு வாரம் முதற் பத்து நாள்வரை போதும். எனவே வாரம் ஒரு முறை நீரைக் கவிழ்த்து, வாய்க்காலைத் தள்ளிவிடும் வீட்டில் அதன் தலைமுறை அறும். இவ்வேலையை நிர்வாகம் செய்யட்டுமென்று காத்திருப்பவன் நிர்வாகத்தை அன்று, தன் பிள்ளையைத்தான் தண்டிக்கின்றான்.

எனவே வேலைக்கும் வேலைக்கும் வேற்றுமை காணவேண்டும். சுவருக்கு வெள்ளையடித்தல், கூரைத் தகரத்தை இறுக்குதல், வடிகாலைத் திறத்தல், கொல்லையிற் கீரைப் பாத்தி போடுதல் ஆகிய இவற்றின் பயன் உடனே உடம்பில் வந்து சேரும். கற்ற வித்தையும் கையை விட்டுப் போகாது. வெள்ளையடிப்பது எளிது என்பர். எளிதுதான், பொருளின் குணம் தெரிந்தவனுக்கு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணக் கல்லாகிச் சுவரைப் பற்றுகின்றது. ஆகவே சுவரை நனைத்துவிட்டு, மெல்லியதாய் இரண்டு மூன்று பூச்சுப் பூசவேண்டும். ஒரே பூச்சிற் கெட்டியாய் அப்பினால் செதிளாய் உரியும். தகரத்துக்கு ஆணி அடிப்பதிலும் அறிவு வேண்டும். நெளிதகரத்தின் பள்ளத்தில் நீர் ஓடுகின்றது. ஆணி மேட்டில் அடிக்கப்பட வேண்டும். பள்ளத்தில் அடித்துவிட்டுக் கூரை ஒழுகுகின்றதென்று விதியை நொந்துகொள்ளும் பக்தர்களை நாம் கண்டதுண்டு! வெள்ளம் வடிந்த வீட்டிற் சேற்றை ஈரத்தோடு கழுவித் தள்ளவேண்டும். காய்ந்தபின் அது மண்வெட்டிக்கும் மசியாது.

இனித் தூண் மாற்றுதல், கூரை முழுவதையும் வேய்தல், கக்கூசு கட்டுதல் போன்றவை வேறு. வேலை தருவோன் அளித்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருத்தல் அவன் கடமையென்று 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் விதிக்கின்றது. இவற்றையும் தொழிலாளி தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து, தன் காசிற் பலகை வாங்கிச் செய்துவிட்டால், முதலாளிக்குச் செலவு மிச்சம். மேடையிலே “எங்கள் தொழிலாளர் சுயமுயற்சியுடையவர்” என்னும் பாராட்டும் மிச்சம். சுயமுயற்சி என்னும் நற்சொல் கடமை தவறியவனுக்குத் திரையாகிவிடக் கூடாது. எழுத்தில் மனுக் கொடுத்து, தேதி குறித்துக் கேட்கவேண்டிய இடத்திற் சுத்தியலைத் தூக்குவது புத்திசாலித்தனமன்று.

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். இதில் நமக்குள்ள இரக்கம் குறைவு.

தாமானில் வீடு வாங்கி, வங்கிக்கு மாதத் தவணை கட்டி, வாசலில் இரும்புக் கதவும் போட்டுவிட்ட நம் அன்பர், வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயைத் தன் கையாற் சுத்தம் செய்யக் கூசுகின்றார். நேரமில்லை என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுதும் சாப்பாட்டுக் கடையில் உட்கார நேரமுண்டு. உண்மைக் காரணம் வேறு. அந்தக் கூச்சம் கப்பலேறி வந்த சாமான். குடம் வனைய ஒருவன், மரம் இழைக்க ஒருவன், துணி வெளுக்க ஒருவன், சாக்கடை அள்ள ஒருவன் என்று பிறப்பிலேயே வேலையைக் கட்டிவைத்து, அழுக்கைத் தொடும் கைக்குக் கீழ்ப்படியையும் தொடாத கைக்கு மேற்படியையும் கொடுத்த ஏற்பாட்டின் மிச்சம் அது. கோயிற் குளத்தருகே விட்டுவந்ததாக நாம் நினைக்கும் சாதி, யோங் பெங் வீட்டுக் கால்வாயருகே நம்மை எதிர்கொள்கின்றது. பால்மரம் சீவிய கையின் பேரன், புல் வெட்டினால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பரோ என்று அஞ்சுகின்றான் என்றால் இதைவிட இரங்கத்தக்கது வேறென்ன?

இதிற் கொடுமையான பகுதி இனிமேல்தான். அவர் செய்யாத வேலையை யார் செய்கின்றனர்? இந்தோனேசியரும், வங்காள தேசத்தவரும், நேப்பாளத்தவரும் செய்கின்றனர். செம்பனைத் தோட்டங்களிலும் இப்போது அவர்களே மிகுதி. நம் பாட்டன்மார் கிடந்த நெருக்கமான கொட்டகைகளில் இன்று அவர்கள் கிடக்கின்றனர். கடன் பட்டுக் கடல் கடந்தவர்கள்தாம் அவர்களும். கூலிக்கு ஆள் வைப்பது பாவமென்று நாம் கூறவில்லை. நியாயக் கூலி கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் மரியாதைச் சொல்லும் கொடுத்தால் அது தொழில். “அந்த வேலைக்கு அவன்தான் இருக்கிறானே” என்று நாக்கு கூறுமாயின், ஒரு புது வருணத்தை நாமே படைத்துவிட்டோம் என்று பொருள்.

இக்கூச்சத்தை உடைக்க நம்மவர் செய்த முயற்சி ஒன்று உண்டு; அது தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1910-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகில், காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கிச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகையின்றி விட்டார். டால்ஸ்டாய்ப் பண்ணை என்று அதற்குப் பெயரிட்டனர். தமிழர் பலர் அங்கு வாழ்ந்தனர். தகர வீடுகளை எழுப்பவும், மலத்தை மண்ணிற் புதைத்து எருவாக்கவும், செருப்புத் தைக்கவும் எல்லாரும் முறைபோட்டுக் கற்றனர். சாதி பற்றிய காந்தியாரின் கொள்கைகள் அனைத்தோடும் நமக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் மலவாளியைத் தூக்காதவன் இங்கு உண்ணலாகாது என்னும் நிலையை நடத்திக் காட்டிய இடத்தை மதிக்காமலிருக்க முடியாது. நிலம் அவர்களுடையதன்று என்பதையும் கவனிக்க. உரிமைப் போராட்டத்துக்கு இடையே தங்கிய இடத்தையும் அவர்கள் தங்கள் கையாலேயே வாழத்தக்கதாக்கினர். காலன்பாக் தாமும் உடனிருந்து உழைத்தார்; ‘நில உரிமையாளன் வேலையைத் தன்மேலும் ஏற்றுக்கொண்டான்’ என்பதே அப்பண்ணைக்கும் தோட்டத்துக்கும் உள்ள தூரம்.

ஆண்மக்களுக்கு மட்டும் ஒன்று கூறுவோம். வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ, ஏணி வைத்துச் சாயம் பூசிவிட்டு, “என் வீட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று பெருமை பேசுகின்றோம். விடியற்காலையிற் பால் வெட்டப் போய்த் திரும்பி, தரை மெழுகி, அடுப்புத் திட்டின் வெடிப்பை மண்ணால் அடைத்து, கிழிந்த சாக்கைத் தைத்துத் தடுப்பாக்கி, கொல்லையில் வெண்டையும் கத்திரியும் வளர்த்துக் குடும்பத்தை நடத்திய தாய்மார் ஒரு நாளும் அதை வேலை என்று சொல்லிக்கொண்டதில்லை. வீட்டைச் செப்பனிடுதல் என்று நாம் போற்றும் காரியத்திற் பத்தில் ஒன்பது பங்கு அவர்கள் கையால் நடந்தது. கம்பெனி நம் உழைப்பைக் கணக்கில் எழுதவில்லை என்று கொதிக்கும் நாம், இதனை எந்தக் கணக்கில் எழுதினோம்?

தன் கையாற் செய்தல் என்பதற்கு எல்லையும் உண்டு. மின்சாரக் கம்பியைத் தொட எரிசக்தி ஆணையத்தின் பதிவு பெற்றவரே உரியவர். வெள்ளம் புகுந்த வீட்டில் அவர் பார்க்காமல் விசையைப் போடுவது உயிரோடு விளையாடுவது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டைத் துளையிட்டாலும் உடைத்தாலும் எழும் நுண்தூசி பல்லாண்டு கழித்து நுரையீரலைக் கொல்லும். தொடர்வீட்டிற் சுவரை இடித்து அறையை நீட்ட விரும்புவோர் 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி மாவட்ட மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி பெறவேண்டும். அடுத்த வீட்டுக்காரனின் கூரையும் அதே சுவரில் நிற்கின்றது அன்றோ! கைத்தொழிலாளியை அழைப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. தானே ஒரு பலகையை இழைத்துப் பார்த்தவனுக்குத்தான் தச்சனின் கூலி நியாயமென்று தெரியும்.

இனி நாம் விட்டுவைத்த வழக்குக்குத் திரும்புவோம். பிறர் மண்ணில் தன் கையாலும் காசாலும் ஒருவன் செய்த நன்மைக்கு, அவன் வெளியேறும் நாளில் விலை கிடைக்க வேண்டாமா? இது வெறும் ஆசை என்பார்க்கு இரு சட்டங்களைக் காட்டுவோம். 1870-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, அயர்லாந்தின் குத்தகையாளர் நிலத்திற் செய்த சீர்திருத்தங்களுக்கு, வெளியேற்றப்படும்போது ஈடு தரவேண்டும் என்று சட்டம் செய்தது. அயர்லாந்து தொலைவு என்பீராயின், நம் பெரியோர் கப்பலேறிய அதே சென்னை மாகாணத்தைப் பார்க்க. அம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரில், 1887-ஆம் ஆண்டுச் சட்டம், குடியானவன் நட்ட மரத்துக்கும் கட்டிய கட்டடத்துக்கும் மதிப்புப் போட்டு, அந்த ஈட்டைக் கொடுத்த பின்னரே அவனை வெளியேற்றலாம் என்றது. 1900-இல் அது திருத்தி இயற்றப்பட்டது. அதே காலத்தில், அதே ஆட்சியார், அதே மாகாணத்து ஆட்களை மலாயாவுக்கு ஏற்றினார்கள். ஆட்கள் வந்தனர், அந்த நியாயம் வரவில்லை. தோட்டத் தொழிலாளி குத்தகையாளனும் அல்லன், வெறும் வேலையாள் என்பதே அதற்குச் சொல்லப்படும் சமாதானம். குத்தகையாளன் நட்ட பலாவுக்கு விலையுண்டு, வேலையாள் நட்ட பலாவுக்கு இல்லை என்றால், காய்ப்பது மரமா, பத்திரமா?

1960-இல் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, துண்டுபோட்டு விற்கப்பட்டுவந்த தோட்டங்களைத் தொழிலாளரின் சிறு பங்குகளைச் சேர்த்தே வாங்க முனைந்ததும் இக்காயத்துக்கு மருந்தாகத்தான். வீட்டுடைமைத் திட்டம் வேண்டுமென்ற கோரிக்கை அதற்குப் பின்னும் தோட்டந்தோறும் எழுந்தது. இவற்றின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.

இன்னும் லயத்திலோ, கம்பெனி வீட்டிலோ, வாடகை வீட்டிலோ இருக்கும் யோங் பெங் அன்பர் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளக் கோருகின்றோம். பெருவேலை தொடங்குமுன் உரிமையாளனின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி அதில் ஒட்டுக. எத்தனை தகரம், எத்தனை அடி பலகை, எத்தனை மூட்டை சிமெண்டு, என்ன விலை, எந்தக் கடை, யார் யார் எத்தனை நாள் உழைத்தனர் என்பவற்றைத் தேதியோடு எழுதுக. வீட்டிலுள்ள பெண்மக்களின் நாட்களையும் விடாமல் எழுதுக. கடைச்சீட்டுகளைச் செருகி வைக்க. வேலைக்கு முன்னும் பின்னும் படம் பிடித்து வைக்க. மரம் நட்டால் நட்ட ஆண்டைக் குறிக்க. வெளியேறச் சொல்லிக் கடிதம் வரும் நாளில், தொழிற்சங்கத்தாரிடமோ வழக்கறிஞரிடமோ வெறுங்கையோடு போகாமல் அந்தப் புத்தகத்தைக் கொண்டு போகலாம்.